மஜீது அண்ணனின் கடைசி வாய்ஸ்

பேட்டரியைக் கழற்ற முடியாத போனைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன். முன்பெல்லாம் நகத்தால் நெம்பினால் மூடி கையோடு வந்துவிடும். இப்போது பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். சூடு காட்டி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிரிக்க வேண்டியிருக்கிறது. எதற்கு இந்த வம்பு என்று ஜனங்களும் பழையதைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்கிறார்கள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிற எனக்கு, பொன்செல்விக்கு, இந்தக் கோபம் தினமும் உண்டு. மைமூனம்மாள் அக்கா விஷயத்துக்குப் பிறகு அது இரண்டு மடங்காகிவிட்டது.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வீட்டுக்காரர் அப்துல் மஜீது சவுதியில் வேலை பார்த்தார். புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் வாட்ஸப் வாய்ஸ்தான். போன வருஷம் அண்ணன் அங்கேயே மாரடைப்பில் மவுத்தாகிவிட்டார். அன்று காலையில் அவர் அனுப்பிய வாய்ஸை, அடுப்பு வேலையை முடித்துவிட்டு நிதானமாகக் கேட்கலாம் என்று அக்கா வைத்திருந்தார். அதற்குள் சேதி வந்துவிட்டது.

பிறகு இத்தா. புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருப்பது அவர்கள் வழக்கம். அந்தக் குரலைக் கேட்டால் அண்ணனுக்காக ஓதுகிற துஆவில் மனசு நிற்காது, இத்தா முடிந்து கேட்கலாம் என்று போனை அணைத்துப் பீரோவில் வைத்துவிட்டார். முடிந்த பிறகும் தைரியம் வரவில்லை.

"ஒரே தடவைல கேட்டுத் தீத்துட்டா, அப்புறம் எனக்கு என்ன இருக்கு பொன்செல்வி?" என்றார் ஒரு நாள்.

பெருநாளுக்குச் சென்னையிலிருந்து மகன் ஷாஜித் வந்தான். நல்ல பிள்ளை, உம்மா என்றால் உயிர். போனை எடுத்துப் பார்த்தால் பேட்டரி உப்பி, ஆன் ஆகவில்லை. ஓடாத போனையும் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு கடையில் எக்ஸ்சேஞ்ச் ஆபர் போட்டிருந்தார்கள். அக்கா தூங்கி எழுவதற்குள் பழசைக் கொடுத்து, புது நம்பரோடு புது போன் வாங்கி வந்து கையில் வைத்துவிட்டான். அக்கா அந்த வாய்ஸ் விஷயத்தைச் சொன்னபோது, "எல்லாம் கிளவுட்ல இருக்கும் உம்மா, எங்கயும் போகாது. பொன்செல்வியக்கா எடுத்துத் தந்துருவாங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டான்.

அக்கா என் கடைக்கு வந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "பேட்டரி மாத்துனா ஓடியிருக்குமேக்கா!" என்று கத்தினேன். அந்தக் கடைக்குப் போன் போட்டேன். "அது லோடோட போயாச்சும்மா" என்றார்கள். எந்த ஊரில் உடைக்கிறார்களோ, எந்தக் குளத்தங்கரையில் போட்டு எரிக்கிறார்களோ, யார் கண்டது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. பழைய நம்பருக்கு வரும் ஓடிபியைப் போட்டால் பேக்கப் இறங்கும். ஆனால் ரீசார்ஜ் போடாமல் கிடந்த அந்த நம்பரைக் கம்பெனிக்காரன் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். அந்த நம்பருக்கு அடித்தேன். பனவடலிசத்திரத்தில் ஆடு மேய்க்கிற அய்யாத்துரை என்பவர் எடுத்தார். நான் விஷயத்தைச் சொல்லி ஓடிபி என்றதுதான் தாமதம்.

"வையும்மா போனை! போன மாசம் இப்படித்தான் ஒருத்தி, புருஷன் ஆஸ்பத்திரில கெடக்கான்னு அழுதா. நம்பரைச் சொன்னேன், பேங்குல கெடந்தது பூரா போச்சு. இன்னும் ஏமாறதுக்கு நான் என்ன கேனப்பயலா?"

அக்கா போனை வாங்கினார். "அண்ணாச்சி, நீங்க குடுக்காதீங்க. யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. எங்க வீட்டுக்காரவுக கடைசியாப் பேசுனது ஒண்ணு அதுல இருக்கு. நான் இன்னும் கேக்கல. அதான்... தொந்தரவு பண்ணிட்டோம், மன்னிச்சுக்கிடுங்க."

அய்யாத்துரை போனை வைக்கவில்லை. "கடை எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் மத்தியானம் பஸ் ஏறி வந்துவிட்டார் மனுஷன். கடையை ஒரு பார்வை, அக்காவை ஒரு பார்வை பார்த்தார். தன் போனை மேஜைமேல் வைத்து, "பாத்துக்கோங்கம்மா" என்றார்.

ஓடிபி வந்தது. போட்டேன். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, இப்போதே குரல் வந்துவிடும் என்பதுபோல் காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். பேக்கப் எதுவும் இல்லை என்று வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். பல மாதம் தொடாமல் கிடந்தால் அதுவே அழித்துவிடும் போலிருக்கிறது.

"இல்லக்கா. போயிருச்சு."

அய்யாத்துரைக்கு முகம் செத்துவிட்டது. "நேத்தே சொல்லியிருந்தா கெடைச்சிருக்குமோ தாயி?"

"ஒரு நாள்ல என்ன ஆயிரப்போகுது அண்ணாச்சி" என்றேன். அது நிஜமா என்று எனக்கே தெரியாது.

"ஷாஜித்துக்கு இப்பவே போன் போடுதேன். வாங்கிக் கட்டிக்கிடட்டும்" என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, வாயைத் தெறந்திராத. வாப்பா குரலை நாமளே தொலைச்சுட்டோம்னு தெரிஞ்சா எம்புள்ள தாங்கமாட்டான்."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவனே கூப்பிட்டான். அக்காவுக்குக் காதில் வைத்துப் பேசத்தான் தெரியும், ஸ்பீக்கரை நான்தான் போட்டேன்.

"உம்மா, கெடைச்சுச்சா?"

"கெடைச்சுது மக்கா."

"வாப்பா என்ன சொன்னாக?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "சாப்ட்டியான்னு கேட்டாக. ஷாஜித்தை நல்லாப் பாத்துக்கோன்னாக. சிரிச்சாக."

அந்தப் பக்கம் பெரிய ஆம்பிளை விசும்புவது கடை முழுக்கக் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கும் அனுப்புங்க உம்மா. நானும் ஒரு தடவை கேக்கணும்" என்றான்.

அக்கா என்னைப் பார்த்தார். என்னிடம் என்ன இருக்கிறது கொடுப்பதற்கு?

"அது முடியாது மக்கா" என்றார். "அது பொண்டாட்டிகிட்டப் பேசுனது."