கயிற்றின் நான்காவது மூலை

"அப்பா, இப்ப வேலைக்குப் போற அப்பாவே திரும்பி வருவாரா, இல்ல அந்த இன்னொரு அப்பா வருவாரா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா, குடை எடுத்துக்கணுமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவன் லிப்ட் மெக்கானிக். கம்பிவடத்தில் அந்தரமாகத் தொங்கும் பெட்டிக்கு அடியில் அசையாமல் நின்று வேலை பார்ப்பவன், அன்று கருவிப் பையை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த மாதமே குடியை நிறுத்த ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தான். மனைவி தன் பிறந்த வீட்டில், "அவருக்கு வெளியூர்ல ட்ரெயினிங்" என்று சொல்லிவைத்தாள். அப்படிச் சொல்லச் சொல்லி அவன் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

அது முடிந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. தாத்தாக்கள் காலத்தில் கப்பலேறி வந்து குடியேறிய அந்தத் தூர தேசத்தில், இப்போது மனைவியின் அண்ணன் எல்லோரையும் வேனில் ஏற்றிக் கடலோரத்துக்கு அழைத்து வந்திருந்தார். லாரி ஓட்டி, பிறகு லாரிகள் வாங்கி முன்னுக்கு வந்தவர். தாராளமான மனசு. ஆனால் 'வேண்டாம்' என்ற சொல் மட்டும் அவர் காதில் ஏறவே ஏறாது.

காலையில் படகில் போய், பாறைகளின் மேல் புரண்டு கிடந்த கடல்நாய்களைப் பார்த்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் நம்ம வீட்ல எல்லாரும் இப்படித்தான் கிடப்போம்" என்றார் மச்சான்.

"எல்லாரும் இல்ல, ஒருத்தர்தான்" என்றாள் அவர் மனைவி. படகே சிரித்தது.

பிற்பகலில் குன்றின் மேலிருந்த திராட்சைத் தோட்டத்துக்குப் போனார்கள். கல்லால் கட்டிய குளிர்ந்த அறை, சுவரோரம் ஒயின் நிரம்பிய மரப் பீப்பாய்கள், நீண்ட மேஜையில் ருசி பார்ப்பதற்கு வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள். உள்ளே கால் வைத்ததுமே அந்த வாசனை பழைய கூட்டாளிபோல் அவன் தோளில் கை போட்டது. வாயில் எச்சில் ஊறியதை உணர்ந்து பயந்தான். தன் முன்னால் இருந்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தான்.

மச்சான் அதை நிமிர்த்தினார். "என்ன மாப்ள, சாமியாராயிட்டியா? பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துல எல்லாரும் மட்டையானப்புறமும் ஒத்தையா உக்காந்திருந்த ஆளாச்சே நீ!"

"வயிறு சரியில்ல மச்சான்."

"வயித்துக்கு மருந்தே இதுதான்யா. ஒரே ஒரு மடக்கு. எனக்காக."

அவன் மறுபடியும் கவிழ்த்தான். மச்சான் சிரித்துக்கொண்டே மறுபடியும் நிமிர்த்தினார். மனைவியின் விரல்கள் கைப்பையின் வாரில் அப்படியே நின்றுவிட்டன. ஜன்னலோரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் திரும்பி அவனையே பார்த்தாள். ஒரு மடக்கு போதும் என்று அவனுக்குள் ஒரு குரல் சொன்னது. ஒரு மடக்கோடு நிற்காது என்பது அந்தக் குரலுக்கும் தெரியும்.

ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணும் தமிழ்தான், நடுத்தர வயது. நகக்கண்களில் திராட்சைக் கறை. கோப்பை இரண்டு முறை கவிழ்ந்ததையும் அவள் பார்த்திருந்தாள்.

"சார், அந்த க்ளாஸ்ல கீறல் இருக்கு. குடுங்க, மாத்திக் கொண்டாரேன்."

உள்ளே போய் வந்தாள். கோப்பையில் எல்லோருக்கும் ஊற்றியதைப் போன்ற ஆழ்ந்த சிவப்பு. அவன் அதை வாயருகே கொண்டுபோனான். வெறும் திராட்சைச் சாறு. புளிக்கக்கூட ஆரம்பிக்காத, பழத்தின் வாசனை மட்டுமே உள்ள சாறு. குடித்தான். மச்சான் கைதட்டினார். அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பவே இல்லை. நன்றி சொல்லவும் வழியில்லை. சொன்னால் அவள் மறைத்ததை அவனே திறந்து காட்டியதாகிவிடும்.

மகள் அவளிடம் கீழே கடற்கரையைக் காட்டி, "அங்க என்ன கயிறு கட்டியிருக்கு?" என்று கேட்டாள்.

"உப்புக்கொத்திக் குருவி முட்டை வெச்சிருக்கும்மா. அது கூடு கட்டாது, வெறும் மணல்லயே வெச்சிடும். யாரும் மிதிச்சிடக் கூடாதேன்னு நாலு குச்சி நட்டுக் கட்டியிருக்கேன். ராத்திரி காத்துல சாஞ்சிடும். காலையில வேலைக்கு வர்றப்ப மறுபடி நடுவேன்."

"யாராவது கிட்ட போனா அம்மா பறவை கொத்தாதா?"

"கைக்குள்ள அடங்கிற பறவை, அது எங்க கொத்த? ரெக்கை ஒடிஞ்ச மாதிரி நடிக்கும். அதப் புடிக்கலாம்னு நாம பின்னாலயே போய் முட்டைய மறந்துடுவோம்."

கிளம்பும்போது மச்சான் ஒரு பாட்டிலை வாங்கி அவன் கையில் திணித்தார். "வீட்ல போய் நிதானமா அடி மாப்ள. உன் ஞாபகமாவே வாங்கினேன்."

குன்றுச் சரிவில் தங்கியிருந்த விடுதி அறைக்கு வந்ததும் மனைவி, "கொட்டிடட்டுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இருக்கட்டும். ஆசையா குடுத்தாரு."

அவள் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். விளக்கை அணைத்த பிறகும் அவள் விழித்திருப்பது அவனுக்குத் தெரிந்தது.

விடியும்போது பாட்டிலை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினான். எறியவா, குடிக்கவா என்று அவனுக்கே தெரியவில்லை. திறப்பதற்குக் கருவி எதுவும் எடுத்து வரவில்லை. ஆனால் திறந்து பழகியவனுக்குக் கருவி எதற்கு?

காற்று அந்தப் பெண்ணின் வேலையைக் கலைத்துப் போட்டிருந்தது. மூன்று குச்சிகள் சாய்ந்து கிடந்தன. நான்காவதைக் காணவில்லை. கயிறு மணலில் சுருண்டு கிடக்க, அதன் நடுவே மணல் நிறத்திலேயே மூன்று முட்டைகள். அவன் நின்றதும், காலடியிலிருந்து ஒரு சின்னப் பறவை ஒரு இறக்கையை இழுத்துக்கொண்டு, விழுந்து எழுந்து நொண்டியபடி விலகி ஓடியது. நின்று, அவன் வருகிறானா என்று திரும்பிப் பார்த்தது.

"அவருக்கு வெளியூர்ல ட்ரெயினிங்" என்று போனில் சொன்ன மனைவியின் குரல் அவனுக்குக் கேட்டது. காப்பாற்றுவதற்காகச் சொல்லும் பொய்யைக் கடவுள் எந்தப் பக்கத்தில் வைப்பாரோ, அவனுக்குத் தெரியாது. இந்தப் பறவைக்கு அதைக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தானே.

தூரத்தில் யாரோ நாயோடு ஓடி வருவது புள்ளியாகத் தெரிந்தது. அவன் அவசரமாக ஒரு கல்லை எடுத்து மூன்று குச்சிகளையும் அடித்து இறக்கினான். கம்பிவடம் கட்டிப் பழகிய கை, முடிச்சுகள் இறுகின. நான்காவது மூலைக்கு ஒன்றுமில்லை. கரையெல்லாம் தேடினான், ஒரு சுள்ளிகூட இல்லை. கையில் இருந்தது அது மட்டும்தான்.

மண்டியிட்டு ஈர மணலைக் கைகளால் தோண்டினான். பாட்டிலை அதில் நிறுத்தி, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி மணலை நிரப்பி அழுத்தினான். மூடியின் முத்திரை அப்படியே இருந்தது. கயிற்றைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினான்.

மேட்டில் ஏறிப் போகும்போது வேனின் ஹாரன் கேட்டது. ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஓடி வந்தவர் கயிற்றைக் கண்டு நாயை இழுத்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டு போனார். குன்றுப் பாதையில் அந்தப் பெண் இன்னும் வரவில்லை. கீழே, ஒடிந்த இறக்கை சரியாகிவிட்ட பறவை குடுகுடுவென்று ஓடி வந்து, தாழ்ந்திருந்த நான்காவது மூலையின் வழியாக உள்ளே நுழைந்து, முட்டைகளின் மேல் உட்கார்ந்தது.

இளவெயில் பாட்டிலின் கழுத்தைத் தொட்டது. மணலில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது.