யாரும் மவுஸைத் தொடாதீர்கள்

"எந்திரிடா அங்கிட்டு!" யுவராணி தன் தம்பி ராம்குமாரை நாற்காலியிலிருந்து தள்ளாத குறையாக எழுப்பினாள். காலையில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த அவள் புருஷன் யோகேஸ்வரன் பின்வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தான். முன்பக்கம் அவனுடைய பிளக்ஸ் கடை. அவன் சாவு பேனருக்குப் போட அங்கே அவன் போட்டோ ஒன்றுகூட இல்லை.

கமுதியில் செத்தவர்கள் அத்தனை பேருக்கும் கோட்டு மாட்டி, முகத்தை வெள்ளையாக்கித் தெருமுனையில் நிறுத்திய மனுசன்! அவன் செல்லைத் திறந்தால் ஆடு, மேகம், மிளகாய்க் களம். எல்லாம் ஸ்கிரீன்சேவர் செய்வதற்காம். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் போதும், ஆட்டு மந்தை ஒன்று வந்து திரையிலிருக்கிற பைல்களை மேய்ந்துவிடும். இல்லையென்றால் மிளகாய் காயும், காக்காய் வந்து கொத்தும். கடைசியாக ஒரு மழை செய்திருந்தான். தூறல் விழுந்ததுமே, "வேலையப் பாருங்க" என்று அவள் மவுஸைத் தட்டிவிடுவாள்.

"ஏத்தா, ஆதார் போட்டோவப் போட்டு முடிங்க. குளிப்பாட்டத் தண்ணி வந்திருச்சு," என்றார் சின்ன மாமனார் செல்லச்சாமி.

"அதுல களவாண்டு மாட்டுன ஆளு மாதிரி இருக்காரு மாமா. நான் விடமாட்டேன்."

இந்தப் பேச்சில் கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. திரையில் தூறல் விழுந்தது. கீழிருந்து கண்மாய்த் தண்ணீர் ஏற, பைல்கள் ஒவ்வொன்றாக மிதந்து போயின. கண்மாய் நிறைந்ததும் கரை தெரிந்தது. கரையில் யோகேஸ்வரன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, மச்சான்!" ராம்குமார் பாய்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் பட்டனை அமுக்கினான். எல்லாம் மறைந்து வெறும் திரை வந்தது.

"கிறுக்குப் பயலே!" அவள் தலையிலடித்துக்கொண்டாள். "இனிமே யாரும் மவுஸத் தொடாதீங்க. மேசையிலயும் கைய வைக்காதீங்க."

காத்திருந்தார்கள். முதலில் ஆடுகள்தான் வந்து மேய்ந்தன. அப்புறம் காக்காய். பின்வீட்டில் சங்கு ஊதிக் கூப்பிட்டார்கள். செல்லச்சாமி பல்லைக் கடித்தார். செத்த பிறகும் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறானே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு வழியாக மழை பெய்து கண்மாய் நிறைந்தது. இந்த முறை ராம்குமார் திரையைத் தன் செல்லில் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினான்.

பெரிதாக்கியபோதுதான் கவனித்தாள், பக்கத்தில் அவளும் நிற்கிறாள். கண்மாய் பெருகிய வருஷம் தண்ணீர் பார்க்கப் போயிருந்தார்கள். கரை வழுக்குகிறதென்று அவன் தோளைப் பிடித்திருந்தாள்.

ராம்குமார் அவளை வெட்ட ஆரம்பித்தான். முகம் போனது. சேலை போனது.

"தோள்ல இருக்க உன் கை மட்டும் வெட்ட வரலக்கா. சட்டையும் சேந்து போகுது. மாலை ஒண்ணு போட்டு மறச்சிரவா?"

"மறைக்காத. அப்படியே அடி."

மிஷினிலிருந்து பிளக்ஸ் மெதுவாக இறங்கியது. முதலில் கண்ணீர் அஞ்சலி வந்தது. பிறகு அவன் முகம். அதற்குக் கீழே, தோளில், பச்சை வளையல் போட்ட கை.