கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவர்

மலாயாவில் மஸ்ஜித் தானா ஊருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. என் மனைவி சுசீலா வயிற்றுப் பிள்ளையோடு மலேரியாவில் இறந்த அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மனைவி இல்லாதவனுக்குத் தனி வீடு கிடையாது. புதிய கிராணி குடும்பத்தோடு வருகிறார். நான் காலி செய்த மறுநாள் சுண்ணாம்பு அடிக்க ஆள் வரும்.

அவள் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கல்யாணத்தில் எடுக்கவில்லை. பிறகு எடுக்க நினைத்தபோது அவள் உண்டாகியிருந்தாள். மாசமாக இருப்பவளைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று தொழிலாளர் லயத்துப் பெண்கள் தடுத்தார்கள். எடுக்கவில்லை. ஆயுசு குறைந்தது.

மிஞ்சியது சுவர்தான். முகக்கண்ணாடிக்குப் பக்கத்தில் செங்கோடுகள். பொட்டு வைத்த பிறகு விரலில் ஒட்டியிருக்கும் குங்குமத்தை அங்கே துடைப்பாள். அவள் இருந்தபோது நான் அதைக் கவனித்ததில்லை.

காலி செய்ய வேண்டிய அன்று மலாக்கா டவுனிலிருந்து ஸ்டுடியோ தம்புசாமி, தோட்டத்துத் துரைக்காக ரப்பர் ஆலையைப் படமெடுக்க வந்திருந்தார். என் அறையையும் எடுக்கச் சொன்னேன்.

"ஒரே ஒரு படத்துக்குத்தான் பிளேட்டு மிச்சம் கிராணியாரே" என்றார். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "இது ரூமா, தீப்பெட்டியா? முக்காலிய வச்சா நான் வெளிய நிக்கணும் போலருக்கே."

பெட்டியிலிருந்து இரண்டு லென்சுகளை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"இது சாதா லென்சு. கண்ணாடியும் அது பக்கத்துச் செவரும் மட்டும் விழும். ஆனா ஆணி ஓட்டையக்கூட எண்ணிப் பாக்கலாம். இது அகல லென்சு. ரூமு மொத்தமும் வந்துரும். எல்லாம் பொடிசா இருக்கும். ஓரம் இழுத்துக்கும், உங்க ரூமு தொர பங்களா கணக்கா தெரியும் லா. எது வேணும்?"

சுவரைப் பார்த்தேன். பிறகு கட்டில், அடுப்பு, அவள் சேலை உலர்த்திய கயிறு. நாளைக்குப் பிறகு எதுவும் இருக்காது.

"அகலமானதே போடுங்கண்ணே. எல்லாம் வரணும்."

சுவரைப் பற்றிச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த வாரம் டவுனுக்குப் போனேன். தம்புசாமி படத்தை நீட்டினார். எல்லாம் இருந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது.

"இங்கே கோடு இருந்ததே?"

"மூட்டப்பூச்சி நசுக்குன கறையா? பிளேட்டுல பென்சில் போட்டு நெரப்பிட்டேன்" என்று சிரித்தார். "படத்த ஊருக்கு அனுப்புவீங்க. எம்பொண்ண மூட்டப்பூச்சிக் காட்டுலயா வச்சிருந்தான்னு மாமனாரு கேக்க மாட்டாரு? அதான். இதுக்குக் காசு வேணாம்."

"அது குங்குமம்."

அவர் சிரிப்பு நின்றது.

"சொல்லக் கூடாதா தம்பி? பிளேட்டுக்குச் செவப்பு தெரியாது. குங்குமமும் கறுப்பு, ரத்தமும் கறுப்பு. நான் என்னத்தக் கண்டேன்?"

உடனே பிளேட்டை எடுத்து வந்தார். துணியில் டர்பென்டைன் நனைத்து மெல்லத் துடைத்தார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உருப்பெருக்கியை என் கையில் கொடுத்தார்.

கோடுகள் திரும்பியிருந்தன. கண்ணாடியருகே ஒரு கொத்து. கட்டில் பக்கம் போகப் போகச் சிதறலாக. எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சியும் இருந்தது. இரவில் நானும் நசுக்கியிருக்கிறேன், அவளும் நசுக்கியிருக்கிறாள். எல்லாம் எறும்பு அளவு. எது குங்குமம் என்று காட்டும் விரல் ரேகை எதிலும் இல்லை.

"எது எது குங்குமம்னு விரல் வச்சுக் காட்டுங்க தம்பி. அத விட்டுட்டு மத்தத மட்டும் நெரப்பிடறேன்."

முதல் கோட்டில் விரலை வைத்தேன். எடுத்தேன். அடுத்ததில் வைத்தேன். அவர் பென்சிலோடு காத்திருந்தார். வெளியே பசார் தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான்.

"சாதா லென்சுல எடுத்திருந்தா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "செவரு இன்னும் இருக்குல்ல? நான் வேணா மறுபடி வந்து..."

"சுண்ணாம்பு அடிச்சாச்சு."

உருப்பெருக்கியை மேசையில் வைத்தேன்.

"முன்ன இருந்த மாதிரியே நிரப்பிடுங்கண்ணே."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

படம் இப்போது என்னிடம் இருக்கிறது. அறை பெரியதாக, சுத்தமாக இருக்கிறது. யாரும் குடியிருந்ததாகத் தெரியவில்லை.