ஆட்டுத்தோல் உறை

கல்முனையில் கச்சிமுகம்மதின் கமரா போகாத கலியாண வீடு இல்லை. ஊரையே படம் பிடித்தவனிடம் பெற்ற தாயின் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஆசியா உம்மா படத்துக்கு இருக்கவே மாட்டாள். சவூதிக்குப் போன இளையவன், "உம்மாட முகத்தப் பாக்கணும், ஒரு போட்டோ அனுப்புங்க காக்கா" என்று அண்ணனுக்கு ஏழு கடிதம் எழுதிவிட்டான். வருத்தம் வந்து பாயில் விழுந்த பிறகுதான் அவள் மனம் இளகியது.

அந்த நேரம் பார்த்து எவனோ ஒரு புண்ணியவான் கமராவின் பழைய தோல் உறையைத் தடவி, "மயிர்க்கண் மூணு மூணா இரிக்கி. இது பண்டித் தோல்" என்று பன்றியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனான்.

கச்சிமுகம்மது தனக்குக் கமராவை விற்ற வில்பிரட் மாஸ்டரிடம் ஓடினான். "மாட்டுத் தோல் தம்பி. மட்டக்களப்பில நானே சொல்லித் தைப்பிச்சது" என்று அவர் சிரித்தார். வீட்டில் அதைக் கேட்ட உம்மா சிரிக்கவில்லை.

"சந்தேகம் வந்தா விட்டிரணும் மகன். அதுக்குள்ள கிடந்த கமராக்கு வேற உறை போடு, இரிக்கிறன்."

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுத்த ஆட்டின் தோல் உப்புப் போட்டுக் காய்ந்து கிடந்தது. அதைவிட ஹலால் வேறென்ன? தானே வெட்டித் தைத்து, பிஸ்மி சொல்லிக் கமராவை உள்ளே வைத்தான். உம்மா தடவிப் பார்த்தாள். "இப்பதான் மனம் ஆறிச்சி. மழ விடட்டும்."

அந்த மாரி விடுகிற மாரியா? நாற்பது நாள் அடித்து ஊற்றியது. கலியாணங்களும் நின்றுபோயின. ஈரம் படக்கூடாதென்று அவன் உறையைத் திறக்கவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வெயில் எறித்தது. உம்மா புதுச்சேலை உடுத்து, முக்காட்டைச் சரிசெய்து, மூச்சு வாங்க வாங்கக் கதிரையில் இருந்தாள். அவன் உறையைத் திறந்தான். உப்புத்தோல் மாரி ஈரத்தையெல்லாம் குடித்துக் கமராவுக்கு ஊட்டியிருந்தது. லென்ஸ் முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். பொத்தான் துருப்பிடித்து அசையவில்லை.

உம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கமராவைக் கண்ணில் வைத்து, நாக்கால் ஒரு சத்தம் போட்டான்.

"எடுத்தாச்சு உம்மா."

"வடிவா வந்திரிக்கா?"

"ஓம் உம்மா."

நாளைக்கு யாரிடமாவது இரவல் கமரா வாங்கி வந்து சமாளிக்கலாம் என்று நினைத்தான். அன்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள் படம் எடுத்த கதையையே சொன்னாள். அந்தி மஃரிபுத் தொழுகைக்கு முன்னர் மூச்சடங்கி மௌத்தாகிவிட்டாள்.

மூன்று கிழமை கழித்து சவூதியிலிருந்து எட்டாவது கடிதம் வந்தது.

"உம்மா போட்டோக்கு இருந்தாவாம். சிரிச்சாவாம். எல்லாரும் எழுதுறாங்க. இன்னும் ஏன் காக்கா அனுப்பல்ல?"