துண்டு டப்பா

அந்த மருந்துக்கடையில் ஒற்றை மாத்திரை கேட்டாலும் கிடைக்கும். அரை அட்டை, கால் அட்டை, இன்றைக்கு மட்டும் ரெண்டு என்று எப்படிக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் வெட்டிக் கொடுக்கிற கடை அந்தத் தெருவில் அது ஒன்றுதான். வெட்டுகிறவள் முதலாளியம்மா. கத்தரிக்கோல் கையை விட்டு இறங்காது என்பதால் தெருவே அவளைக் கத்தரியம்மா என்று கூப்பிடும், அதுவும் முகத்துக்கு நேராகவே. அவளுக்கும் அதில் பெருமைதான்.

வெட்டுவதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் அச்சடித்திருக்கும் ஓரம்தான் அட்டையின் தலையாம். எதையும் தலையிலிருந்துதான் தொடங்கவேண்டுமாம். முதலில் வாங்குகிறவர் தேதியைப் பார்த்துத் திருப்தியாகப் போய்விடுவார். மிச்சம் மொட்டையாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விழும். அடுத்து வருகிறவர்களுக்கு அந்தத் துண்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். மாத்திரையின் பெயராவது பின்பக்கம் இருக்கும். எந்த பேட்ச், எப்போது கெடும் என்பதெல்லாம் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

மருமகள் பார்மசி படித்தவள். அவளுடைய சான்றிதழ் சுவரில் தொங்குவதால்தான் கடைக்கு லைசென்சே இருக்கிறது. எழுத்து இல்லாத பக்கத்திலிருந்து வெட்டுங்கள், நம்பர் கடைசி மாத்திரை வரைக்கும் நம் கையில் இருக்கும் என்று வந்த நாளிலிருந்து சொல்லிப் பார்த்தாள். வாய் வலித்ததுதான் மிச்சம். "படிச்சதைப் பரீட்சையில எழுதிட்டல்ல? அதோட விடு" என்பாள் மாமியார்.

அன்று காலை ஷட்டரைத் தூக்கிய கையோடு மருமகளின் போனுக்கு எச்சரிக்கை வந்தது. டிவியிலும் அதே செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கம்பெனியின் பிரஷர் மாத்திரையில் ஒரு பேட்ச் மட்டும் தப்பாகப் போய்விட்டது. சில அட்டைகளுக்குள் சுகர் மாத்திரை அடைத்து வந்துவிட்டதாம். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே வட்டம். சர்க்கரை வியாதியே இல்லாதவர் அதை விழுங்கினால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், நினைவு தப்பும். கவனிக்காமல் விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும்.

முழு அட்டைகளைத் தனியே எடுத்துவைக்க நேரமாகவில்லை. நம்பர்தான் பளிச்சென்று இருக்கிறதே. அடுத்து துண்டு டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். அதே பிரஷர் மாத்திரை, ஒன்றில்கூட நம்பர் இல்லை. இதே டப்பாவிலிருந்து இந்த வாரம் யார் யார் வீட்டுக்குப் போயிருக்கிறது? வெட்டிக் கொடுப்பதற்கு மாமியார் பில் போடுவதில்லை. அந்தக் கணக்கெல்லாம் அவள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

"அத்தை, இந்த மாத்திரைய யார் யாருக்கு வெட்டிக் குடுத்தீங்க?"

"எதுக்கு?"

"போன் பண்ணி நிறுத்தச் சொல்லணும். வெளியில போர்டும் வைக்கணும்."

"வை. கூடவே கடைய இழுத்து மூடுறோம்னும் எழுதி வை." மாமியார் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. "இத்தனை வருஷமா இந்தக் கையால வெட்டிக் குடுக்கிறேன். ஒருத்தருக்கு ஒரு தலைவலி வந்திருக்குமா? எவனோ எங்கேயோ பண்ண தப்புக்கு நான் ஏன் தெருவுல நின்னு தண்டோரா போடணும்?"

புருஷன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடிவாங்கிப் பழகியவன். "ரெண்டு நாள் பொறுத்துப் பார்ப்போமே" என்று இழுத்தான்.

"எதைப் பொறுத்துப் பார்க்கறது? யாராவது விழறாங்களான்னா?" என்றாள் அவள். 

அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் வந்து நின்றார். பக்கத்துச் சந்தில் தைக்கிறவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ரெண்டு நாளா ஊசியில நூல் கோக்க முடியலைம்மா. கை உதறுது. சத்து மாத்திரை ஏதாவது குடும்மா" என்றார்.

"பிரஷர் மாத்திரை எங்க வாங்கினீங்க?"

"இங்கதான். அம்மா வெட்டிக் குடுத்தாங்க." சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மொட்டைத் துண்டு.

மருமகள் அவரை உட்காரவைத்தாள். குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கி அவரைக் குடிக்கவைத்தாள். சற்று நேரத்தில் உதறல் அடங்கியது. "இது தற்காலிகம்தான், திரும்பவும் இறங்கும். ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும். பிரஷர் மாத்திரைய நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு வேற வாங்கிக்கங்க. மிச்சத்தைக் குப்பையில போடாதீங்க, என்கிட்ட குடுங்க" என்றாள். புருஷனைப் பார்த்து, "வண்டியில கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

இதற்குள் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாமியாரின் மூக்கு விடைத்தது. "வயசான மனுஷன், வெயில்ல வேலை பார்க்கிறார், வேர்க்காம என்ன செய்யும்? இவ படிச்சுட்டாளாம், ஊரையே பயமுறுத்துறா. எனக்கும் பிரஷர்தான், நானும் இதைத்தான் தின்னுறேன். பாருங்க எல்லாரும்."

டப்பாவில் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தாள். பிதுக்கினாள், வாயில் போட்டாள். மருமகள் எட்டிப் பிடிப்பதற்குள் தண்ணீரும் உள்ளே போய்விட்டது.

மருமகளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மாமியாராவது மண்ணாங்கட்டியாவது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள், சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றினாள், கைப்பைக்குள் திணித்தாள். "இந்தப் பேரு இல்லாம இங்க ஒரு மாத்திரை விக்க முடியாது அத்தை. யார் யாருக்குக் குடுத்தீங்கன்னு சொல்ற வரைக்கும் இது சுவருக்கு வராது."

"யார் வீட்டுக் கடையில நின்னு யார்கிட்ட பேசற?"

"உங்க கடைதான். அதுல தொங்கறது என் பேரு. யாராவது செத்தா அந்தப் பேருதான் பதில் சொல்லணும்."

ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள். இங்கே பிரஷர் மாத்திரை வெட்டி வாங்கியவர்கள் அதைச் சாப்பிடவேண்டாம், உடனே கொண்டுவாருங்கள், நடுக்கமோ வேர்வையோ இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எழுத்து கோணலாகத்தான் வந்தது. அதையே வாசலில் கட்டினாள். போர்டைப் பார்த்தவர்களில் இரண்டொருவர் திரும்பி வந்தார்கள். பார்க்காதவர்கள் எத்தனை பேர்?

"சுகர் இறங்கியிருக்கான்னு குத்திப் பார்க்கலாம், விரலைக் குடுங்க" என்றாள் மாமியாரிடம். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள் கிழவி. "சாப்பாடாவது சாப்பிடுங்க, வெறும் வயித்துல இருக்காதீங்க" என்றாள் மருமகள்.

"உன் கையால பச்சைத் தண்ணி வேண்டாம்."

காலையிலும் டீயோடு சரி. மருமகள் அவளைவிட்டு ஓரடி நகரவில்லை. ஒரு கண் வாசலில், ஒரு கண் மாமியாரின் நெற்றியில். மதியம் சாய்கிற நேரத்துக்கு அந்த நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. மின்விசிறி தலைக்கு மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. கத்தரியம்மாவின் விரல்கள் மேசையில் தாளம் போட்டன, அவள் போடவில்லை.

மருமகள் கலக்கித் தயாராக வைத்திருந்த டம்ளரை நீட்டினாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள் மாமியார்.

"என்னைத் திட்டறதுக்காவது தெம்பு வேணும்ல? குடிங்க."

அந்த நியாயம் மட்டும் எப்படியோ மண்டையில் ஏறியது. குடித்தாள்.

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, தையல்காரரைச் சேர்த்துவிட்டு மகன் அங்கேயேதான் நின்றிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. சொட்டுச்சொட்டாகக் குளுக்கோஸ் ஏறியது. டாக்டர் வந்து, "என்ன மாத்திரை, எந்த பேட்ச்?" என்று கேட்டார்.

"அது வந்து டாக்டர், கம்பெனிக்காரங்க..." என்று மகன் ஆரம்பித்தான்.

"கம்பெனிய விடுடா" என்றாள் அம்மா. குரல் ஈனசுரத்தில்தான் வந்தது, ஆனால் வார்த்தை குழறவில்லை. "நம்பர் இல்ல டாக்டர். நான்தான் வெட்டி எறிஞ்சேன்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டு போனார். மாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மன்னிப்புக் கின்னிப்பு என்று எதையும் மருமகள் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. "இப்பவாவது சொல்லுங்க அத்தை. யார் யாரு?"

"மாடி வீட்டு வாத்தியார். லாண்டரிக்காரன் மாமியா. பேங்க் வாட்ச்மேன்..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. ஊசி குத்தியிருந்த கையை ஊன்றிக்கொண்டு எழுந்து உட்காரப் பார்த்தாள். "ஸ்கூல் வேன் ஓட்டுறானே, அவன். நேத்து சாயங்காலம்தான் குடுத்தேன். மதியச் சோத்துக்கு முன்னாடி போடுவான். பிள்ளைங்களை ஏத்தற நேரம்டி இது. முதல்ல அவனைப் பிடி."

மருமகள் அதற்குள் போனில் வேன்காரன் நம்பரைத் தேடி அழுத்தியிருந்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"மெடிக்கல்லேர்ந்து பேசறேன். வண்டி எடுத்துட்டீங்களா?"

"இப்பத்தான்ம்மா எல்லாரும் ஏறினாங்க. கிளம்பறேன். என்னமோ ஒரு மாதிரி கிறுகிறுன்னு வருது, வீட்டுக்குப் போனதும் ஒரு தலைவலி மாத்திரை..."

மருமகள் வாயைத் திறப்பதற்குள் போன் அவள் கையில் இல்லை. கட்டிலில் இருந்தவள் பிடுங்கிவிட்டிருந்தாள்.

"டேய், கத்தரியம்மா பேசறேன். நேத்து நான் குடுத்த மாத்திரை தப்பு. என் தப்பு. சாவியப் பிடுங்கி, பிள்ளைங்களை ஏத்திவிட்ட வாத்தியாரம்மா கையில குடு. எந்தப் பிள்ளைகிட்டயாவது மிட்டாய் இருந்தா வாங்கி வாயில போடு. வண்டிய விட்டு இறங்குடா, நீ இறங்கற சத்தம் எனக்குக் கேக்கணும்."

வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.