ஒன்பது சி-யில் ஒருவர்

காலை எட்டு நாற்பதுக்குக் கனகாம்பாள் தன் கணவரை உள்ளே விட்டு வாசல் கதவைப் பூட்டுவாள். சமையலறையை அதற்கு முன்பே பூட்டியிருப்பாள். காஸ் சிலிண்டரையும் மூடியிருப்பாள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைக் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டு, "குருவாயூரப்பா, நான் வர வரைக்கும் நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிக்கொள்வாள். பிறகு செல்போனில் பள்ளிக்கூட நூலக ஆப்பைத் திறந்து ஒரு பதிவு போடுவாள்.

வாசகர்: வெங்கிடாசலம். வகுப்பு: ஒன்பது சி. நூலின் பெயர்: கதவு. திருப்ப வேண்டிய நேரம்: மாலை 4.30.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடங்களாக அவள் நூலகர். போன வருடம் ஜூனில் நூலகத்துக்கு ஆப் வந்தது. பழகிப் பார்க்க ஒரு பொய் வாசகர் வேண்டியிருந்தது. ஏதாவது ஒரு பிள்ளையின் பெயரைப் போட்டு, தப்பாகிப்போய், அதன் தலையில் வராத புத்தகம் ஏறிவிட்டால்? அதனால் கணவரின் பெயரைப் போட்டாள். வகுப்பைச் சொல்லாமல் ஆப் நகரவில்லை. ஒன்பது சி-யைப் பிள்ளைகள் குறைந்ததால் அந்த ஜூனில்தான் நீக்கியிருந்தார்கள். ஆப்பில் மட்டும் அது மிச்சமிருந்தது. யாருக்கும் தொந்தரவில்லாத வகுப்பு என்று அவரை அங்கே சேர்த்தாள். புத்தகத்தின் பெயராக மனதில் இருந்ததையே எழுதினாள்: 'பகல் மாத்திரை'. வாசிப்பறையிலேயே படித்துத் திருப்பும் புத்தகங்களுக்கு மணிக்கணக்கு உண்டு என்பதால், மதியம் ஒரு மணி என்று வைத்தாள்.

ஒரு மணிக்கு அவள் மடியில் போன் சத்தமில்லாமல் இரண்டு தடவை அதிர்ந்தது. வீட்டுக்கு அழைத்தாள். அப்போதெல்லாம் அவர் போன் எடுப்பார். "மாத்திரை சாப்ட்டேளா?" என்று கேட்டாள். "இப்பத்தான் நெனச்சேன், நீ கூப்பிட்டே" என்றார். அன்றிலிருந்து அவர் ஒன்பது சி-யில் நிரந்தரமானார்.

வேறு ஆப்புகளும் அவளிடம் நிறைய இருந்தன. பஞ்சாங்கம், பஸ், பேசினால் மலையாளத்தில் எழுதித் தருவது ஒன்று, தமிழ் எழுத்தைப் படிக்கத் திணறும்போது வாசித்துக் காட்டுவது ஒன்று. ஆசிரியர்கள் அறையில் அவளுக்கு 'ஆப் டீச்சர்' என்று பெயர். யாருடைய போன் சிக்கினாலும் அவளிடம் வரும். எதற்காக இத்தனை கற்றுக்கொண்டாள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

வெங்கிடாசலம் முப்பத்தைந்து வருடம் மிளகுக் கம்பெனியில் தரம் பார்ப்பவராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு மறதி வந்தது. முதலில் கண்ணாடி, அப்புறம் கிழமை, அப்புறம் வீடு. பிப்ரவரியில் ஒரு நாள் சட்டை போட்டுக் குடையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய், எர்ணாகுளத்துக்குப் படகேறி, எங்கே இறங்குவது என்று தெரியாமல் போவதும் வருவதுமாக மூன்று நடை உட்கார்ந்திருந்தார். படகுக்காரர்தான் அவர் பையிலிருந்த காகிதத்தைப் பார்த்து அவளைக் கூப்பிட்டார். துணைக்கு வைத்த வேலைக்கார அம்மாவைத் திருடி என்று வெங்கிடாசலம் இரண்டாம் நாளே விரட்டிவிட்டார். கனகாம்பாளுக்கு இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி. அந்த வாரம் பூட்டு வாங்கினாள். ஒரு பழைய போனைக் கூடத்து அலமாரியின்மேல் சாய்த்து வைத்து, அதைக் காமிராவாக்கும் ஆப் ஒன்றையும் தேடிப் பிடித்தாள்.

புத்தகம் கொடுக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்தச் சின்னத் திரையில் தன் வீட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்காலி. வாசல் கதவு. அவர். பதினொரு மணிக்கு மேல் அவர் படத்தைவிட்டு வெளியே போய்விடுவார். ஒரு மணி நேரம் வெறும் நாற்காலி மட்டும் தெரியும். உள்ளே போய்ப் படுத்திருப்பார் என்று தன்னையே சமாதானம் செய்துகொள்வாள். அவர் திரும்ப வந்து உட்காரும்வரை அவளுக்குத் தண்ணீர்கூட இறங்காது. கனடாவில் இருக்கும் மகள் ஸுப்ரியா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, "அப்பா ஜோரா இருக்கார்" என்பாள். பூட்டிய வீட்டுக்குள் அவர். அந்தப் பூட்டைச் சுற்றியே அவளுடைய நாளும். நாலரைக்கு அவள் தாமதமானதே இல்லை. ஆகவே நாலரை தாண்டினால் ஆப் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சரே, நாளைக்குக் காக்கநாட்டில நூலக ஆப் டிரெயினிங். ஸ்கூலுக்கு ஒருத்தர். உங்களை விட்டா யாரு?"

"வேற யாராவது..."

"ஆப் டீச்சர் இங்கே இருக்கும்போது வேற யாரு? மூணரைக்கு முடிஞ்சிரும்."

மறுக்க ஒரு காரணம் வேண்டும். உண்மையான காரணம் அவளிடம் ஒன்றுதான் இருந்தது, அதைச் சொல்ல முடியாது. தலையாட்டினாள்.

மறுநாள் பயிற்சி மூன்றரைக்கு முடியவில்லை. திரையில் ஒருவர் புள்ளிவிவரப் படங்கள் காட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில்தான் கையெழுத்து வாங்குவார்களாம். அதுவரை யாரும் கிளம்பக் கூடாதாம். நாலரைக்கு மடியில் போன் அதிர்ந்தது. நாலே முக்காலுக்குப் பஸ் ஏறினாள். மழை. வைற்றிலா சந்திப்புக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் வண்டிகள், கண்ணாடியெல்லாம் நீர்.

போனில் பதினொரு சதவீதம் இருந்தது. காமிராவைத் திறந்தாள். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் குடை. கதவின் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தார். நின்றார். மறுபடி இழுத்தார். சத்தம் கேட்காத அந்தத் திரையில் அவர் வாய் அசைந்தது. என்ன சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். கனகம், கனகம் என்றுதான்.

"ஏன் நிக்கறது?" என்று கண்டக்டரைக் கேட்டாள்.

"மழையைக் கேளுங்க சேச்சி" என்றான் அவன்.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. யூசுப் மாஷ். கணக்கு வாத்தியார், ஒன்பது சி-க்குக் கடைசியாக வகுப்பாசிரியராக இருந்தவர், கொச்சங்காடிக்காரர். வீட்டில் தமிழ் பேசுகிறவர் என்பதால் அவளிடமும் தமிழில்தான் பேசுவார்.

"டீச்சரே, உங்க ஆப்பு எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கு. 'உங்கள் வகுப்பு மாணவர் வெங்கிடாசலம், ஒரு மணி நேரம் தாமதம், நூல்: கதவு, திரும்பவில்லை.' யாரு டீச்சரே இந்த வெங்கிடாசலம்? ஒன்பது சி போயி ஒரு வருஷமாச்சு. வகுப்பே இல்லாத எனக்குப் பிள்ளை மட்டும் எங்கேர்ந்து வந்தான்?" அவர் சிரித்தார். "கதவுன்னு ஒரு புக்கா? நான் படிச்சதில்லையே."

பழகிப் பார்க்கப் போட்ட பொய்ப் பதிவு மாஷே, அழிச்சிடறேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாயில் அது தயாராகவும் இருந்தது. ஆனால் கண்ணுக்குள் அந்த வெள்ளைச் சட்டை நின்றது.

"அது பிள்ளை இல்லை மாஷே. எங்காத்துக்காரர்" என்றாள்.

"என்ன?"

"அவருக்கு மறதி. நான் தினம் அவரை உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் வரேன். இப்போ கதவைப் பிடிச்சு இழுத்துண்டிருக்கார். நான் வைற்றிலாவில மாட்டிண்டிருக்கேன். சாவி எங்கிட்ட."

பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். மறுமுனையில் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. இனி திட்டு வரும் என்று காத்திருந்தாள்.

"வீடு எங்கே?" என்றார் யூசுப்.

"பாலஸ் ரோட்டிலேர்ந்து உள்ள திரும்பற சந்து. இஸ்திரி வண்டி நிக்கும். அதுக்கு எதிர்த்த ஓட்டு வீ..."

போன் அணைந்தது.

அதற்குப் பிறகு ஒன்றே கால் மணி நேரம் அவளிடம் திரையும் இல்லை, ஆப்பும் இல்லை. ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவரைப் பார்க்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாள். நாமம் சொன்னாள். பாதியில் விட்டுப்போயிற்று, முதலிலிருந்து தொடங்கினாள். பூட்டிய இடத்தில் இருப்பது எப்படி இருக்கும் என்று அவள் இதற்கு முன் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்காமல் இருப்பதற்காகத்தானே அத்தனை ஆப்புகளும். தோப்பும்படிப் பாலம் ஏறும்போதே எழுந்து படிக்கட்டருகில் போய் நின்றாள்.

சந்து முனையில் இறங்கி ஓடினாள். வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, கவிழ்த்த பக்கெட்டின்மேல் யூசுப் மாஷ் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி வண்டி வசந்தி சுவரோரம் நின்றிருந்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து நாலு வருடமாக அந்தச் சந்தில் துணி தேய்ப்பவள். உள்ளே, கம்பிக்கு அந்தப் பக்கம், வெங்கிடாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் மேடையில் விரித்த செய்தித்தாளில் ஒரு பிடி மிளகு. பக்கத்தில் பாதி குடித்த சாயா.

மிளகை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்து, ஊதி, யூசுப்பிடம் நீட்டினார். "ஈரம் இருக்கு. இதை எவன் குடுத்தான் உமக்கு?"

"கொச்சங்காடிக் கடையில வாங்கினேன் சேட்டா."

"ஏமாத்திட்டான். கல்வத்திப் பக்கம் போயிருக்கணும் நீர். பாத்தா படிச்சவராட்டம் இருக்கீர், மிளகு வாங்கத் தெரியலையே."

"கணக்கு மட்டுந்தான் படிச்சேன்."

"அதான்" என்றார் வெங்கிடாசலம்.

கனகாம்பாள் கைப்பையைத் திறந்தாள். சாவியைத் தேடிய கையில் ஜிப் மாட்டிக்கொண்டது. வசந்தி வந்து கைப்பையை வாங்கி ஜிப்பை இழுத்துக் கொடுத்தாள்.

"பதறாதீங்க மாமி. முதல்ல கதவைப் போட்டு இடிச்சாவ. நான்தான் சாருகிட்டச் சொன்னேன், மிளகைப் பத்திக் கேளுங்க, ஐயா அடங்கிருவாவன்னு. இவரு ஸ்கூட்டர்ல போயி மிளகே வாங்கிட்டு வந்துட்டாரு."

"உனக்கெப்படித் தெரியும், மிளகு?"

வசந்தி கொஞ்சம் தயங்கினாள். "தினம் பதினொரு மணிக்கு எனக்குச் சாயா வரும்லா. ஐயா ஜன்னல்கிட்ட வந்துருவாவ. பாதிய ஊத்திக் குடுப்பேன். கம்பெனிக் கதையெல்லாம் சொல்லுவாவ."

பதினொரு மணி. வெறும் நாற்காலி. அலமாரிமேல் இருந்த போன் கூடத்தையும் கதவையும்தான் பார்த்தது. ஜன்னல் அந்தப் படத்தில் இல்லை.

"அப்போ நான் பூட்டிட்டுப் போறது..."

"வண்டியோட எதுத்தாப்புலதான நிக்கேன் மாமி, தெரியாதா? கேட்டா நீங்க சங்கடப்படுவீங்க. அதான் கேக்கல."

கனகாம்பாள் பூட்டைத் திறந்தாள். அவர் எழுந்து ஓடி வருவார் என்று நினைத்தாள். வெங்கிடாசலம் திரும்பிப் பார்த்து, "இரு கனகம், பார்ட்டி வந்திருக்கார். வியாபாரம் முடியலை" என்றார். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். யூசுப் மாஷ் அந்தப் பக்கம் பார்க்காமல் இன்னொரு தடவை மிளகைக் கையில் எடுத்தார். "அப்ப இதுக்கு என்ன வெலை சொல்லலாம் சேட்டா?" என்று கேட்டார். வெங்கிடாசலம் அவசரமில்லாமல் யோசித்துப் பதில் சொன்னார்.

கிளம்பும்போது யூசுப் தாழ்ந்த குரலில், "ஒரு சாவிதானா டீச்சரே?" என்று மட்டும் கேட்டார். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அப்படிக் கேட்பது பாவம் என்று தோன்றியது. அன்றிரவு ஸுப்ரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமைவரை காத்திராமல் அவளே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

கஷ்டம் வந்தால் பகவான் நேரில் வந்து நிற்பார் என்று அவள் சின்ன வயதில் நம்பியிருந்தாள். பாதிச் சாயாவாக, ஐந்து மாதம் தினமும் வந்துபோயிருக்கிறார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் மாற்றுச் சாவி ஒன்று செய்யக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு எப்போதும்போல் கதவைப் பூட்டினாள். வேறு வழி இன்னும் தெரியவில்லை. இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு சந்தைக் கடந்து, கரி போட்டுக்கொண்டிருந்த வசந்தியின் கையில் புதுச் சாவியை வைத்தாள்.

"வெச்சுக்கோ. எப்போ வேணும்னு தோணறதோ திற. உன்னோட சித்த நாழி வெளியில உக்காரட்டும்."

வசந்தி சாவியைக் கண்ணில் ஒற்றித் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

பழக்க தோஷம், கனகாம்பாள் ஆப்பைத் திறந்தாள். வாசகர்: வசந்தி. நூலின் பெயர்: சாவி. வகுப்பைக் கேட்டது, வேறு எதைப் போட முடியும், ஒன்பது சி என்றே போட்டாள். திருப்ப வேண்டிய தேதியை வெறுமையாக விட ஆப் சம்மதிக்கவில்லை. தான் ஓய்வுபெறும் நாளைப் போட்டாள்.

முதல் பீரியடில் யூசுப் மாஷ் நூலக வாசலில் தலையை நீட்டினார். "டீச்சரே, புதுப் பேரு சேர்ந்தாலும் உங்க ஆப்பு இப்ப மெசேஜ் அனுப்புது, இப்பத்தான் வந்தது. ஒன்பது சி-யில இன்னொரு அட்மிஷனாமே? நான் ரிஜிஸ்டர் வாங்கணும் போலிருக்கு."

அவள் சிரித்தாள். அங்கே அவள் அப்படிச் சிரித்துப் பிள்ளைகள் பார்த்ததில்லை. இரண்டு பேர் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்கள்.

பதினொரு மணிக்கு அவள் கை தானாகப் போனை எடுத்தது. காமிராவில் கூடம் தெரிந்தது. நாற்காலி இல்லை. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. தரையில் வெயில் நீளமாக விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் அந்த வெயிலைப் பார்த்திருந்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வரிசையில் முதலாவதாக நின்ற பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள்.