என் முதுகுக்கு எஃப்.சி. முடிகிற நாள்

வியாழக்கிழமையோடு என் முதுகுக்கு எஃப்.சி. முடிகிறது. எஃப்.சி. என்றால் வண்டி ஓடுவதற்கான தகுதிச் சான்று; என் முதுகு வண்டியாகத்தான் பதிவாகியிருக்கிறது. வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிற எல்லோருக்கும் அப்படித்தான். தோள்பட்டைக்குக் கீழே நம்பர் எழுதியிருக்கும். மஞ்சள் பெயின்ட். தேய்த்துக் குளித்தாலும் போகாது.

வண்டி என்பதால் வீட்டுக்குள் படுக்க அனுமதி இல்லை. தெருவோரம்தான் நிற்கவேண்டும். சாப்பாடு ஆனதும் என் மனைவி பேச்சித்தாய் என் குதிகாலுக்குப் பின்னால் ஒரு கல்லை அண்டக் கொடுப்பாள். உருண்டுவிடக் கூடாதல்லவா. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் மேல் குற்றமில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் நடைமுறை.

எஃப்.சி.யைப் புதுப்பித்தால் மறுபடியும் தெருவோரம். தப்ப ஒரே வழிதான் உண்டு. எஞ்சின் வைத்த வண்டி ஒன்றை வியாழன் சாயங்காலத்துக்குள் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் ஓட்டிக் காட்டவேண்டும். பாஸானால் நம்பர் அதற்கு மாறிவிடும். முதுகு எனக்கு மிஞ்சும்.

அன்று காலை, வாங்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பினேன். பேச்சித்தாயும் வந்தாள்.

ஷோரூமில் விற்பனைக்கு ஜெபசிங் என்பவர் இருந்தார். டை கட்டியிருந்தார். பிக்கப் வண்டி ஒன்றுதான், எஞ்சின் இரண்டு என்றார். பெரியது, சின்னது. எதை வைப்பது என்று நான்தான் சொல்லவேண்டும்.

பெரியது கூடத்தின் நடுவில் சோபாவில் உட்கார்ந்திருந்தது. மூன்று பேர் உட்காரும் சோபா. இடம் போதவில்லை. டீக்கடையிலிருந்து அதற்கு டீயைப் பாய்லரோடு கொண்டுவந்தார்கள். ஒரே மூச்சில் குடித்தது. பாய்லரைத் திருப்பித் தரவில்லை.

"இது எவ்வளவு இழுக்கும்?" என்றேன்.

"வைக்கதெல்லாம் இழுக்கும் அண்ணாச்சி."

"முடியலன்னா?"

"அதுக்கு முடியலங்கிறதே கெடையாது."

என்னைப் பற்றியும் மண்டியில் இப்படித்தான் சொல்வார்கள். நான் இல்லாதபோது அல்ல. என் முன்னாலேயே, வருகிற வியாபாரிகளிடம்.

ஜன்னலில் ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டு போனது. பிறகு ஒரு காற்றாலை போனது.

"ஷோரூம் நகருது" என்றேன்.

"எஞ்சின் ஐடிலிங்ல இருக்குல்லா. சும்மா இருக்கும்போதும் எதையாவது இழுத்துக்கிட்டுதான் இருக்கும்."

பெரியதுக்குப் பக்கத்தில் மண்டி முதலாளி தங்கக்கனி உட்கார்ந்து அதன் தோளில் கை போட்டிருந்தார். நான் தூக்குவது அவருடைய மூட்டைகளைத்தான். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"பெருச எடுல மாடக்கண்ணு" என்றார். "சின்னதுல என்னத்த ஏத்துவ? கறிவேப்பிலையா?"

"எவ்வளவு ஏத்துவீங்க அண்ணாச்சி?"

"வண்டியில எழுதுன அளவுதான் ஏத்துவேன். அதுக்கு மேல ஒரே ஒரு மூட்ட. மரியாதைக்கு."

மரியாதை மூட்டை எங்கள் மண்டி வழக்கம். எண்ணி முடித்த பிறகு எண்ணாத ஒரு மூட்டை வரும். அதற்குக் கூலி இல்லை. வேண்டாம் என்று சொன்னவர் இல்லை. கேட்பதற்கு முன்பே கழுத்து குனிந்துவிடும். என் கழுத்து அப்போதும் குனிந்தது. பேச்சித்தாய் என் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"சின்னதையும் காட்டுங்க" என்றாள்.

சின்னது உள்ளறையில் இருந்தது. அங்கே போகிற நடை நடக்க நடக்க நீண்டது. பாதி வழியில் ஜெபசிங்குக்குக் கல்யாணம் நடந்தது. உட்கார்ந்து சாப்பிட்டோம். பாயசம் நன்றாக இருந்தது. கை கழுவிவிட்டு நடையைத் தொடர்ந்தோம். திரும்பிவிடலாமா என்று ஜெபசிங் இரண்டு தடவை கேட்டார். கல்யாணப் பெண்ணும் கேட்டாள். நான் நடந்துகொண்டே இருந்தேன். கதவு வந்தது.

சின்ன எஞ்சின் ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. சோற்றுப்பானை அளவு இருக்கும்.

"இது எவ்வளவு இழுக்கும்?"

"எழுதுன அளவு இழுக்கும்."

"அதுக்கு மேல?"

"நின்னுரும்."

"திட்டுனா?"

"திட்டிப் பாத்தாச்சு அண்ணாச்சி. தேங்கா வெடல போட்டு ஒடச்சாங்க. நான் ஜெபம்கூடப் பண்ணேன். நின்னா நின்னதுதான். அதனாலதான் இத யாரும் எடுக்கல."

நான் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒன்றை முதல்முறையாகப் பார்க்கிறேன். கூடுதலாக ஏற்றினால் நிற்கிற ஒன்று.

"இதையே மாட்டுங்க" என்றேன்.

"மண்டிக்காரங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். மாட்டுங்க."

மாட்டினார்கள். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். நசுக்கிக்கொண்டு புறப்பட்டது.

பிரேக் இன்ஸ்பெக்டர் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி ஏறிக் காட்டவேண்டிய ஏற்றச் சாலையைப் பாய் மாதிரிச் சுருட்டி வைத்திருந்தார்கள். நான்கு பேர் தூக்கி வந்து விரித்தார்கள். மேலே போகப் போகக் குறுகலாகத் தெரிந்தது.

"லோடு ஏத்தி மேல வரைக்கும் போகணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஓட்டுறவர் எறங்கித் தள்ளுனா வண்டி ஃபெயில். ஒங்க முதுகப் புதுப்பிச்சிருவோம்."

பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் டப்பா திறந்திருந்தது.

தங்கக்கனி அண்ணாச்சி அங்கேயும் வந்து ஆள் வைத்து லோடு ஏற்றினார். எழுதிய அளவு ஏறியது. கிளப்பினேன். எஞ்சின் சத்தமில்லாமல் இழுத்தது. பாதி ஏற்றத்தில் அவர் கூடவே ஓடிவந்தார். மரியாதைக்கு ஒரு மூட்டையை மேலே தூக்கிப் போட்டார்.

எஞ்சின் நின்றது.

"எறங்கித் தள்ளுல" என்றார் அண்ணாச்சி.

தள்ளுவது எங்களுக்குக் கற்றுத்தரத் தேவையில்லாத வேலை. எது நின்றாலும் தோள் கொடுப்போம். லாரி, மாட்டுவண்டி, தேர், அடுத்தவன் கார். என் கால் என்னைக் கேட்காமல் கதவைத் திறந்து தரையில் ஊன்றியது. இன்ஸ்பெக்டர் பிரஷை எடுத்து டப்பாவில் தோய்த்தார்.

"வச்ச கால எடுங்க!" பேச்சித்தாய் கீழேயிருந்து கத்தினாள். "நா இனிமே கல்லு வைக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

காலைக் கையால் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தேன். அது லேசான வேலை இல்லை. கதவைச் சாத்தினேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு மூட்டல!"

"அந்த ஒண்ண எறக்குங்க அண்ணாச்சி."

"யாரு எறக்க?"

"நீங்கதான்."

அவர் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்தார்.

காத்திருந்தோம். பின்னால் பஸ்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. தேர் ஒன்றும் நின்றது. மூட்டையில் இருந்த வெங்காயம் முளைத்தது. வெங்காயத்தாள் சாக்கைக் கிழித்துக்கொண்டு வளர்ந்தது. பெண்கள் வந்து பறித்துக்கொண்டு போனார்கள். ஜெபசிங் குழந்தையோடு வந்து வேடிக்கை பார்த்தார். குழந்தைக்கு மீசை இருந்தது. சிலர் என்னைத் திட்டினார்கள். அப்பனையும் சேர்த்துத் திட்டினார்கள். தோள் இரண்டும் தாமாக முன்னால் போய்ப் போய் வந்தன. நான் மடியில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிடிவாதக்காரப் பய" என்றார் அண்ணாச்சி. வேட்டியை மடித்துக் கட்டினார். டயரில் கால் வைத்து ஏறினார். மூட்டையை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கட்டிப் பிடித்தார். மூட்டையும் அவரும் சேர்ந்து விழுந்தார்கள்.

"ஏ, இது இவ்வளவு கனமா இருக்கு?" என்றார் கீழேயிருந்து.

"ஆமா அண்ணாச்சி."

எஞ்சின் தானாகக் கிளம்பியது.

மேலே போய் நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு நடந்து வந்தார். துணியை மண்ணெண்ணெயில் நனைத்து என் முதுகைத் துடைத்தார். பிறகு வண்டியின் பின்பலகையில் நம்பரை எழுதினார்.

"வண்டி பாஸ்" என்றார்.

"முதுகு?"

"அது இனிமே வண்டி இல்ல. என்னன்னு எங்க ஆபீசுக்குத் தெரியாது."

பேச்சித்தாய் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவை ஓங்கிச் சாத்தினாள்.

"ஏன் கம்பு மாதிரி உக்காந்திருக்கீங்க? சாயுங்க."

சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. வெயில் அதன் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது.

"சுடுமே" என்றேன்.

"சுடட்டும்."

சாய்ந்தேன். சுட்டது. முதுகை எடுக்கவில்லை.